இரண்டே முக்கால் அடி மேடை

சென்ற தை மாதம் எங்கள் பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் கவிதா ஒரு கேள்வி போட்டிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். "மேடம், சொந்தமா வூடு கட்டறோம். கிச்சன் மேடை எவ்ளோ ஹைட் வெக்கறது? மேஸ்திரி கேட்டுக்கினே இருக்காரு." படித்து முடிப்பதற்குள் என் கட்டை விரல் பதிலைத் தட்டிவிட்டது: இரண்டே முக்கால் அடி. அனுப்பிய பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. உடனே அழித்துவிட்டேன். செய்தி நீக்கப்பட்டது என்று அங்கே ஒரு வரி மட்டும் நின்றது. அதைப் பார்த்துவிட்டு நாலு பேர், ஏன் மேடம் அழிச்சீங்க என்று கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற காரணம் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கல்வராயன் மலையில் கழிந்தது. அரசாங்கத் திட்டத்தில் கட்டும் வீடுகளை அளப்பது, படம் எடுப்பது, கையெழுத்துப் போடுவது என் வேலை. அஸ்திவாரத்தில் ஒரு தடவை, ஜன்னல் கதவுக்கு மேலே லிண்டல் வந்ததும் ஒரு தடவை, தளம் போட்டதும் ஒரு தடவை, எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு தடவை போவேன். நாலு தடவை போனால் அந்த வீட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது. குடியேறிய பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று போய்ப் பார்க்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. நானாகவும் போனதில்லை.

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. தியாகதுருகத்துப் பெண். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கச் சேர்ந்தபோது வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். செங்கல் சூளைக்கா போகப் போற என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் அளவுப் புத்தகத்தையும் நூறடி டேப்பையும் சுமந்துகொண்டு சீனியர்கள் பின்னால் நடந்தேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

உண்மையில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் எங்கள் உதவிப் பொறியாளர். ஏ.இ. சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், பேச்சு ரொம்பக் கம்மி. அவருக்கு இருந்த ஒரே ஆயுதம் ஒரு தண்ணீர் பாட்டில். கட்டி முடித்த வீட்டுக்குள் போகும்போது செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். தரையெல்லாம் சிமெண்ட் கொட்டிக் கிடக்கும், ஆனாலும் கழற்றுவார். நேராகக் குளியலறைக்குப் போய் பாட்டிலைத் திறந்து தரையில் கொஞ்சம் ஊற்றுவார். ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் ஓட்டையைப் பார்த்து ஓடினால் "ம்" என்பார். நடுவில் குளம் கட்டினால் மேஸ்திரியைத் திட்ட மாட்டார், திரும்பி என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் டீக்கடையில் ஒரு பாட்டில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது கதவுகள். ஒவ்வொரு கதவையும் பத்து தடவை திறந்து மூடுவார். திறந்த கதவு ஸ்விட்ச் பெட்டியை மறைக்கிறதா என்று பார்ப்பார். சாவிக்கொத்தால் சுவரை அங்கங்கே தட்டுவார், பூச்சு உப்பியிருந்தால் சத்தம் மாறும். தளத்துக்கு ஏறினால் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறார்களா என்று விரலை விட்டு ஆழம் பார்ப்பார். இதெல்லாம் முடிந்ததும் ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து கடலை உருண்டை எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார். உருண்டை கிடைத்தால் வீடு பாஸ் என்று அர்த்தம். எனக்கு உருண்டை கிடைக்காத நாட்கள்தான் அதிகம்.

இப்போது அந்த நடையெல்லாம் குறைந்துவிட்டது. கைபேசியில் படம் எடுத்தால் இடம், நேரம் எல்லாம் தானாகப் பதிவாகிவிடுகிறது. நல்லதுதான். சேராப்பட்டு மலைப்பாதையில் பாதித் தூரம் வாந்தி எடுத்துக்கொண்டே போன எனக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று. அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன்.

இனி வெள்ளையம்மா வீட்டுக்கு வருகிறேன். இருபது வருடத்துக்குச் சற்று முன்பு நடந்தது. வெள்ளிமலையிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் சின்ன ஊர். வெள்ளையம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவரும் அவர் வீட்டுக்காரர் சின்னையனும் மலைக்காட்டில் சாமை, மக்காச்சோளம், மொச்சை போட்டுப் பிழைக்கிறவர்கள். முந்தின ஐப்பசி மழையில் அவர்களுடைய மண் வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்துவிட்டது. அதனால் பட்டியலில் அவர்கள் பெயர் முதலில் வந்தது.

வெள்ளையம்மா கட்டியதுபோல் யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. ஜீப் போகாத ஊர். மணலையும் ஜல்லியையும் கூடை கூடையாகத் தலையில் சுமந்தார். தளம் போட்ட பிறகு ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து, பதினான்கு நாள் காய விடாமல் நனைத்தார். ஏ.இ. சார் தளத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளையம்மாவுக்கே முதல் உருண்டையைக் கொடுத்தார்.

மார்ச் கடைசியில் நாலாவது தடவையாக நான் தனியாகப் போனேன். கடைசிப் படம் எடுக்க வேண்டும். அந்த மாதத்துக்குள் முடியாத வீடுகள் பட்டியலிலிருந்து போய்விடும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த நேரம். இரண்டு படங்கள் வேண்டும். வெளியே, மூடிய கதவுக்கு முன்னால் பயனாளி நிற்க ஒன்று. உள்ளே, சமையலறையில் மேடை தெரிய ஒன்று. எங்கள் வரைபடத்தில் சமையல் மேடை உண்டு. தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரம், மேலே கடப்பா கல்.

சமையலறைக்குள் போனால் மேடையே இல்லை. மேடை வர வேண்டிய இடத்தில் தரையோடு தரையாக மண் அடுப்பு போட்டு, அழகாகச் சாணம் மெழுகியிருந்தது. அதற்கு நேர் மேலே மூங்கில் கழிகளைச் சுவரில் சொருகி ஒரு பரண். பரணில் தோகையோடு முடிந்த சோளக் கதிர்கள் தொங்கின, பக்கத்தில் மொச்சை மூட்டை. சுவரின் மேல் மூலையில் இரண்டு செங்கல்லை உருவிப் புகை போக ஓட்டை விட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"இன்னாம்மா இது? மேடை எங்க?"

"அது எனக்குத் தோதுப்படாது ஓவர்சியரம்மா. நின்னுக்கினு ஆக்குனா நான் எங்க குந்துறது?"

"குந்தறதுக்கு ஹால் இருக்குது இல்ல?"

"ஹால்ல குந்திக்கினு இங்க இருக்கிற அடுப்புல வெறக எப்படித் தள்ளறது?"

சின்னையன் வாசலில் நின்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "மேடை இல்லன்னா ஃபோட்டோ இல்ல. ஃபோட்டோ இல்லன்னா வூடு பட்டியல்ல இருந்து பூடும். நான் இன்னா செய்ய முடியும், சொல்லு" என்றேன்.

வெள்ளையம்மா பரணைக் காட்டினார். "இது வெத. பொகையிலதான் இருக்கணும். கீழ வெச்சா வண்டு உழுந்துடும். கொஞ்சம் பார்த்து எழுதிக்கக் கூடாதா?"

நான் பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. ஏ.இ. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றும் தோன்றவில்லை. எனக்கு வரைபடம் இருந்தது, தேதி இருந்தது, இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது. "ஒரு வருஷம் போனா எல்லாம் பழகிடும்" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான வார்த்தைகளில் அதற்கு முதல் இடம் கொடுக்கலாம்.

அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. அன்று சாயங்காலமே அடுப்பை உடைத்தார்கள். மேஸ்திரியை வரவழைத்து இரண்டு நாளில் மேடை கட்டிக் கடப்பா கல் பதித்து, பரணை இறக்கி, சுவர் ஓட்டையை அடைத்துப் பூசினார்கள். மூன்றாம் நாள் போய் டேப்பை வைத்து அளந்தேன். இரண்டே முக்கால் அடி, ஒரு நூல் பிசகவில்லை. படம் எடுத்தேன். வெளியே கதவுக்கு முன்னால் வெள்ளையம்மாவை நிறுத்தி, "நேரா நில்லு, கையைக் கட்டாத" என்று சொல்லி இன்னொரு படம். அந்தப் படத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று அன்று நான் கவனிக்கவில்லை.

ஆனி மாதம் பக்கத்து ஊரில் ஒரு சிறுபாலம் அளக்கப் போனேன். திரும்பும்போது மலை மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஓடியபோது எதிரே வெள்ளையம்மா வீடு. நான் அளந்து முடித்த வீட்டுக்குள், அளக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் பின்பக்கம் நாலு கம்பு நட்டு, நீலத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே வெள்ளையம்மா சமைத்துக்கொண்டிருந்தார். சாரல் அடித்து அடித்து அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது. ஒரு கையால் தார்ப்பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே போனேன். நான் படமெடுத்த மேடையின் மேல் கோழி அடைக்கிற கூடை இருந்தது. மேடைக்கு மேலே சுவர் கன்னங்கரேல் என்றிருந்தது. இரண்டு மாதம் முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள். புகை போக வழியில்லாமல் சின்னையனுக்குக் கண் வீங்கிவிட்டதாம். மேடையை உடைத்தால் வீடு பட்டியலிலிருந்து போய்விடுமோ என்று பயந்து, அதன் பிறகு அடுப்பை வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

ஹாலில் ஒரு அலுமினியக் குண்டானில் தண்ணீர் வைத்து, அதில் மொச்சையைப் போட்டிருந்தது. நல்ல விதை அடியில் தங்கும், வண்டு குடைந்தது மேலே மிதக்கும். குண்டானை எட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சோளக் கதிர்கள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். மாவு கொட்டியது.

அது விதைப்புக்கு முந்தின வாரம். வெள்ளையம்மா எனக்கு டீ கொண்டு வந்து கொடுத்தார்.

"இந்த வருஷம் இன்னா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"எங்க அக்கா வூட்டுக்குப் போயி கொஞ்சம் மொச்ச வாங்கியாறணும். அவுங்களுக்கே கம்மிதான். பாதிக் காட்டுக்குப் போதும்." அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சட்டம் பேசித் தப்பித்திருப்பேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது, மழை விட்டதும் எழுந்து ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் ஏ.இ. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் அவரே புறப்பட்டு வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி என்னோடு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். பாட்டிலைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சுவரோரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அடுப்பப் பத்த வைம்மா" என்றார் என்னிடம்.

மேடை மேல் மூன்று கல்லைக் கூட்டி விறகை வைத்துப் பற்றவைத்தேன். விறகின் நுனி என் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. தள்ள வேண்டுமானால் எக்க வேண்டும். பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் புகை. நான் இருமினேன், அவரும் கீழே உட்கார்ந்து இருமினார். வெள்ளையம்மா வாசலில் நின்று, "போதும் சார், அந்தம்மா பாவம்" என்றார். ஏ.இ. சார் இன்னும் ஐந்து நிமிடம் எரிய விட்டார்.

வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தைக் கேட்டார். கொடுத்தேன். மேடை இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது யாரு சமைக்கறதுக்குப் போட்டது?"

"பொதுவாப் போட்டது சார்."

"பொதுவா யாரும் சமைக்கறது இல்லம்மா. ஒருத்தர்தான் சமைக்கறாங்க. அவங்கள நீ கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். பிறகு அவர் செய்த காரியம் என்னால் மறக்க முடியாதது. அளவுப் புத்தகத்தை வாங்கி, குடியிருப்பவரின் தேவைக்காக மேடைக்குப் பதில் தரை அடுப்பும் புகைபோக்கியும் பரணும் வைத்துக்கொள்ள அனுமதித்தேன் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்காக விழுப்புரத்துக் கூட்டத்தில் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை. அன்று எனக்கு உருண்டையும் கொடுக்கவில்லை.

பரண் திரும்ப ஏறியது. ஆனால் அந்த வருடம் வெள்ளையம்மாவின் காட்டில் பாதிதான் விதைத்தார்கள். போகும்போதும் வரும்போதும் பாதையிலிருந்து பார்ப்பேன். ஒரு பாதி பச்சை, ஒரு பாதி புல். அந்தப் பாதி என்னால் சும்மா கிடந்தது. மேலே போன ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்காமல் தாண்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் மாறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போதே வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, "எங்க குந்துவீங்க, எதை எங்க வெப்பீங்க?" என்று கேட்பேன். மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று கேட்பேன். ஆடு எங்கே படுக்கும் என்று கேட்பேன். வரைபடத்துக்குள்ளேயே எவ்வளவு நகர்த்த முடியும் என்று கற்றுக்கொண்டேன், நிறைய நகர்த்த முடியும். இந்த அம்மா வந்தா கேள்வி கேட்டே சாவடிக்கும் என்று மேஸ்திரிகள் முணுமுணுப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த பொம்பளை தன் வீட்டை எப்படிக் கட்டியிருக்க வேண்டும்?

ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முன்பு கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் மனை வாங்கிக் கட்டினோம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நீ ஊருக்கே வூடு கட்டற ஆளு, நான் வாயே தொறக்கமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். நானோ வேலை நாளில் மலையில், விடுமுறை நாளில் மனையில். ஆனால் உள்ளே நுழைந்து சோதித்துப் பார்த்தது, மற்ற வீடுகளைப் போல என் வீட்டையும் நாலு தடவைதான். அஸ்திவாரம், லிண்டல், தளம், கடைசி. குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஓடியது. சாவியால் சுவரைத் தட்டினேன், கெட்டியாக இருந்தது. எனக்கு நானே ஒரு கடலை உருண்டை வாங்கித் தின்றேன்.

குடியேறிய மறுநாள் புழக்கடைக் குழாயடியில் குடத்தை வைத்தேன். குடம் நுழையவில்லை. குழாய் ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டது. துவைக்கிற கல்லை மேற்குப் பார்க்கப் போட்டிருந்தேன், சாயங்காலம் துவைத்தால் முகத்தில் வெயில் அறைகிறது. படுக்கையறையில் கட்டில் போட ஒரே ஒரு சுவர்தான் தோதாக இருக்கிறது, அதுவும் மேற்குச் சுவர், இரவு பத்து மணி வரை அனல் கக்கும். மாடியில் துணி காயப்போடக் கம்பி கட்ட இடம் விடவில்லை. ஸ்விட்சுகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன, ஏ.இ. சார் புண்ணியம். ஆனால் மிக்ஸிக்கு ஒரு பிளக் வைக்க மறந்துவிட்டேன்.

இதையெல்லாம் சரிக்கட்டிவிடலாம். குழாயை ஏற்றி வைத்தோம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். மேற்கே ஒரு புங்கங்கன்று நட்டோம், இப்போது அது கல்லுக்கு நல்ல நிழல். வீடு கட்டி முடிந்த அன்று முடிவதில்லை. ஒரு கோடையும் ஒரு மழையும் அதில் இருந்து பார்த்தால்தான் அது என்ன கேட்கிறது என்று தெரியும். அதுவரை அலமாரி, மரவேலை என்று எதையும் சுவரோடு சேர்த்து அடித்துவிடாதீர்கள். கையில் கொஞ்சம் சிமெண்டும் மனசில் கொஞ்சம் பொறுமையும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைதான் விஷயம். மேஸ்திரி ஒரு நாள் போன் பண்ணி, "மேடம், கிச்சன் மேடை எவ்ளோ?" என்றார். நான் மலையில் யாருடைய சமையலறையிலோ நின்று, "எங்க குந்துவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் வாய் தானாகச் சொன்னது: "ரெண்டே முக்கால்."

என் உயரம் நாலடி பத்து அங்குலம். மேடை மேல் கேஸ் அடுப்பு, அடுப்பு மேல் குக்கர், எல்லாம் சேர்ந்தால் என் கழுத்து உயரம். சாம்பாரைக் கிளறக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டும். கிரானைட் போட்டாகிவிட்டது, கீழே அலமாரி அடித்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு மணைப் பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று சமைத்தேன். அடுப்புக்கும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் இடையில் நாளைக்கு அம்பது தடவை ஏறி இறங்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஃபுட்போர்டுல நிக்காதம்மா, உள்ள ஏறி வா" என்பார். கரண்டியைக் காட்டி மிரட்டுவேன். தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. ஓவர்சியர் வீட்டுச் சமையலறை சரியில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? ஐந்து வருடம் இப்படியே ஓட்டினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வெள்ளையம்மாவுக்குக் கண்ணில் புரை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, மலைக்குத் திரும்புகிற வழியில் சின்னையனோடு என் வீட்டுக்கு வந்தார். அதுதான் முதல் வருகை. பச்சைத் துணி மறைத்த கண்ணோடு வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்றார். நான் பலகை மேல் ஏறி அவர்களுக்காக ரசம் இறக்கிக்கொண்டிருந்தேன்.

என் காலடியில் இருந்த பலகையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதையும் மறந்து சிரித்தார்.

"இன்னா ஓவர்சியரம்மா, நீயே கட்டன வூடா இது?"

"ஆமா."

"இதுல நீ எங்க குந்துவ?"

மலை முழுக்க நான் கேட்டுத் திரிந்த கேள்வி. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ரசத்தை இறக்கிவிட்டு நானும் சிரித்தேன். சின்னையன் பழைய பழக்கப்படி வாசலில் நின்று சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் மிரண்டுபோய், "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். நல்ல கிரானைட்டை ஏன் மேடம் உடைக்கறீங்க என்று அவருக்கு வயிற்றெரிச்சல். டேப்பை எடுத்து நீட்டினார், வேண்டாம் என்றேன். சுவரோரம் நின்று முழங்கையை மடக்கிக் காட்டி, இதற்கு அரையடி கீழே மேடை வரட்டும் என்றேன். அடுப்புக்கு அதைவிடவும் நாலு விரல் தாழ்த்தி வைத்தோம். புழக்கடைக் கதவுப் பக்கம் இரண்டு அலமாரியைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார இடம் விட்டோம். கதவைத் திறந்தால் அங்கே நேராகக் காற்று வரும். காய் நறுக்குவது, கீரை ஆய்வது, போன் பேசுவது எல்லாம் இப்போது அங்கேதான். மணைப் பலகை என் வீட்டுக்காரருக்கு ஷூ மாட்ட உதவுகிறது. தோள்வலித் தைலம் காலாவதியாகிவிட்டது.

குழுவில் பதிலை அழித்த அன்று சாயங்காலமே கவிதாவுக்குத் தனியாகப் பதில் போட்டேன். "யார் சமைக்கப் போறது?" என்று கேட்டேன். "அம்மாதான் மேடம்" என்றாள். "அப்ப அம்மாவைக் கூட்டிக்கினு வந்து மனையில நிக்க வை, முழங்கையைப் பார். அதுக்கு முன்னாடி, எங்க உக்காருவாங்கன்னு கேளு. நீ சொல்லாத, அவங்க சொல்லட்டும்" என்று எழுதினேன்.

அதே தை மாதம் வெள்ளையம்மா இன்னொரு கண்ணுக்காக வந்திருந்தார். இந்தத் தடவை நேராகச் சமையலறைக்குப் போய், நான் விட்டிருந்த இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "காத்து ஜோரா வருது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். நானும் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கைபேசியில் எங்களைப் படமெடுத்தார். யாரும் எங்களை நேராக நிற்கச் சொல்லவில்லை.

மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். மொச்சை. புகை வாசனை குப்பென்று வந்தது.

"அந்த வருஷம் எங்கக்கா வூட்டுல வாங்கியாந்தேனே, அதே வெத. இப்ப காடு பூரா இதான்" என்றார்.

இருபது வருடமாக என் கண்ணில் நின்ற அந்தப் பாதிக் காடு அவர் கண்ணில் எப்போதோ மறைந்துவிட்டிருந்தது. ஒரு கை அள்ளி முகர்ந்தேன். "இதுல கொஞ்சம் எடுத்து வெச்சி, ஆடியில புழக்கடையில நானும் போடறேன்" என்றேன்.

வெள்ளையம்மா என் சமையலறையை அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்தார். வெள்ளைச் சுவர், புகைபோக்கி விசிறி, கேஸ் அடுப்பு.

"உன் வூட்டுல பொகை ஏது? வெச்சா வண்டு உழுந்துடும். நீ ஆக்கித் தின்னுடு ஓவர்சியரம்மா" என்றார். "வெதைக்கு என் பரண்ல வெச்சிக்கினு இருக்கிறேன். ஆடி பொறந்ததும் கொணாந்து தரேன்."